எம்டிடி அப்கிரேடும் மூன்றாவது பிரதியும்

நூறு கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போடணும்னா ஒவ்வொன்றாக உட்கார்ந்து 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அழுத்த முடியாது. அதற்காக மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த கருவிதான் மைக்ரோசாஃப்ட் டிப்ளாய்மெண்ட் டூல்கிட், சுருக்கமாக எம்டிடி. நம்ம ஊர்க் கல்லூரி லேப்கள், நடுத்தர அலுவலகங்கள் பலவற்றில் இன்னமும் இதுதான் ஓடிக்கிட்டிருக்கு. இந்தப் பதிவு அதை எப்படி நிறுவுவது என்பதைப் பற்றியது இல்லை. ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற எம்டிடியைப் புதுப்பிக்கும்போது, வருஷக்கணக்கில் நாம சேர்த்துவைத்த மாற்றங்கள் என்ன ஆகும், அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் விஷயம்.

2016-ல் 8443, 2017-ல் 8450, 2019 ஜனவரியில் 8456 என்று பில்ட்கள் வந்தன. 8456-க்குப் பிறகு புது பில்ட் வரவில்லை. "அப்புறம் என்ன அப்கிரேட்?" என்று கேட்கலாம். 8443-ஐ வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 8456-க்கு வந்துவிட்டவர்களுக்கும் சர்வரை மாற்றும்போது அதை மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டிவரும். புது விண்டோஸ் வரும்போது அடியில் இருக்கும் ஏடிகேயை மாற்றியாகணும். இந்த மூன்றிலுமே ஆபத்து ஒன்றுதான்.

(ஃபைல் பெயர்களையெல்லாம் தமிழில்தான் எழுதுகிறேன். திரையில் பார்த்தால் எதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.)

முதலில் எது எங்கே இருக்குன்னு பார்த்துவிடுவோம். எம்டிடிக்கு இரண்டு வீடு. ஒன்று புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இன்ஸ்டால் ஆகிற ஃபோல்டர். இன்னொன்று டிப்ளாய்மெண்ட் ஷேர், அதாவது கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியாக வந்து எடுத்துக்கொள்ளும் இடம். புரோகிராம் ஃபைல்ஸில் 'டெம்ப்ளேட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒன்று. புதுசாக ஒரு ஷேர் உருவாக்கினால் அங்கிருந்துதான் எல்லாம் பிரதி எடுக்கப்படுகிறது. இதை அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் அதில் வார்த்தது.

அப்கிரேட் இரண்டு படியாக நடக்கும். முதலில் புது எம்எஸ்ஐயை ஓட்டினால் அச்சு மாறும். அடுத்து வொர்க்பெஞ்சில் ஷேரைத் திறந்து 'அப்கிரேட் டிப்ளாய்மெண்ட் ஷேர்' கொடுத்தால் புது அச்சிலிருந்து ஸ்கிரிப்ட்ஸ், டூல்ஸ் எல்லாம் ஷேருக்குள் பிரதியாகும். இந்த இரண்டாவது படியில் எம்டிடி நம்மிடம் எதுவும் கேட்காது. 'இந்த ஸ்கிரிப்டை நீங்க மாற்றியிருக்கீங்களே, என்ன செய்யட்டும்?' என்ற பேச்சே கிடையாது. அதே பெயரில் ஃபைல் இருந்தால் மேலெழுதும். அதனிடம் இல்லாத பெயரில் நாம ஏதாவது போட்டுவைத்திருந்தால் அதைத் தொடாது. 'கன்ட்ரோல்' ஃபோல்டரில் இருக்கும் கஸ்டம்செட்டிங்ஸ்.ஐஎன்ஐ, பூட்ஸ்ட்ராப்.ஐஎன்ஐ, டாஸ்க் சீக்வென்ஸ்கள் ஆகியவையும் அப்படியே இருக்கும்.

பலரும் இதைக் கேட்டதும் "அப்போ என் செட்டிங்ஸ் பத்திரம்தானே" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஐஎன்ஐ ஃபைலில் இருக்கும் செட்டிங்ஸ் பத்திரம்தான். ஆனால் ஐந்தாறு வருஷம் ஓடின எந்த ஷேரிலும் மாற்றங்கள் ஐஎன்ஐயோடு நிற்பதில்லை. யாரோ ஒருநாள் அவசரத்துக்கு மைக்ரோசாஃப்டின் ஸ்கிரிப்டையே திறந்து நாலு வரி சேர்த்திருப்பார். வேலை நடந்துவிடும். குறிப்பு எழுத மாட்டார். பிறகு வேறு வேலைக்குப் போயிருப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு லேப், 120 கம்ப்யூட்டர். அதில் 40-ல் இரண்டு டிஸ்க்: விண்டோஸுக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி, மாணவர்கள் புராஜெக்ட் வேலைகளை வைத்துக்கொள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க். எம்டிடி வழக்கமாக 0 என்ற எண்ணுள்ள டிஸ்கை அழித்துப் பார்ட்டிஷன் போடும். சில மதர்போர்டுகளில் ஹார்ட் டிஸ்க்தான் 0-வாக வந்து நிற்கும். அங்கே முன்பு இருந்த லேப் பொறுப்பாளர் இதைக் கவனித்து, பார்ட்டிஷன் போடும் 'இசட்டிஐ டிஸ்க்பார்ட்' ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஒரு காவல் வைத்திருந்தார்: டிஸ்க் 500 ஜிபிக்கு மேல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடு. பத்துப் பதினோரு வரி. அது அங்கே இருப்பது இப்போது பொறுப்பில் இருப்பவருக்குத் தெரியாது. பேசாமல் அப்கிரேட் கொடுத்திருந்தால் காவல் போயிருக்கும், எந்த எரரும் வந்திருக்காது. முதல் தடவை லேப் முழுக்க விண்டோஸ் போடும்போது எத்தனை பேருடைய இறுதியாண்டு புராஜெக்ட் அழிஞ்சிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வரிகளை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதில்தான் இந்தப் பதிவின் சாரம் இருக்கு.

இயல்பாக எல்லாருக்கும் தோன்றுவது இதுதான்: நம்ம ஷேரில் இருக்கும் ஸ்கிரிப்டையும் புது பில்டின் ஸ்கிரிப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. வின்மெர்ஜ் போல ஏதாவது ஒன்றில் திறந்தால் கலர் கலராக வித்தியாசம் காட்டும். காட்டட்டும். நம்மிடம் இருக்கும் ஒரு வரி புதியதில் இல்லை. இதற்கு அர்த்தம் என்ன? அந்த வரியை நாம சேர்த்தோமா, அல்லது பழைய பில்டில் இருந்ததை மைக்ரோசாஃப்ட் புதியதில் எடுத்துவிட்டதா? இரண்டு பிரதியை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல வழியே கிடையாது. தப்பாக யூகித்தால், ஒன்று நம்ம காவல் போகும், அல்லது மைக்ரோசாஃப்ட் களைந்த பழைய பிழையை நாமே திரும்பக் கொண்டுவந்து வைப்போம்.

அதனால் மூன்றாவது பிரதி ஒன்று வேணும். நாம கைவைப்பதற்கு முன் அந்தப் பழைய பில்டில் ஸ்கிரிப்ட் எப்படி இருந்தது என்பதன் பிரதி. பழைய மூலத்துக்கும் நம்முடையதற்கும் உள்ள வித்தியாசம் நாம செய்தது. பழைய மூலத்துக்கும் புது மூலத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் செய்தது. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிஞ்சது. நாம தொடாத ஃபைலா? புதியதை அப்படியே எடுத்துக்கலாம். நாம தொட்டோம், அவர்கள் தொடவில்லையா? நம்முடையதை வைத்துக்கலாம். இரண்டு பேரும் தொட்டிருந்தால் மட்டும் உட்கார்ந்து யோசிக்கணும், அப்படிப்பட்டவை கைவிரலுக்குள் அடங்கிவிடும்.

டெபியன் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. அங்கே டிபிகேஜி என்ற பொதி மேலாளர், ஒவ்வொரு கான்ஃபிக் ஃபைலும் முதலில் வந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு எம்டி5 கைரேகையைக் குறித்து வைத்துக்கொள்ளும். அப்கிரேடின்போது மேலே சொன்ன கணக்கை அதுவே போட்டு, இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும் நிறுத்தி நம்மிடம் கேட்கும். எது கேட்டாலும் என்டர் தட்டுகிற பழக்கம் உள்ளவர்களுக்காக, சும்மா என்டர் தட்டினால் நம்முடையதை வைத்துக்கொள்ளும், புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் விட்டுவைக்கும். எம்டிடியில் அந்த வசதி இல்லை. அதனால் அந்தக் கணக்கை நாமதான் போடணும்.

சிக்கல் எங்கேன்னா, அந்த மூன்றாவது பிரதி இருக்கும் இடம் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் அதே அச்சு. புது எம்எஸ்ஐயை ஓட்டிய அடுத்த நிமிஷம் அது போய்விடும். ஷேரை ஒழுங்காக பேக்கப் எடுத்த பலர் இதை எடுப்பதில்லை, 'அது வெறும் புரோகிராம்தானே, மறுபடி போட்டுக்கலாம்' என்ற எண்ணத்தில். ஆகவே புது எம்எஸ்ஐயை டவுன்லோட் பண்ணுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது: புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் எம்டிடி ஃபோல்டரை முழுசாக வேறு இடத்தில் பிரதி எடுத்து, பில்ட் எண்ணைப் பெயராக வைப்பது. ஏற்கெனவே போய்விட்டதா? பழைய எம்எஸ்ஐ எங்காவது கிடந்தால் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையை ஏ என்ற சுவிட்சோடு கொடுத்து, இன்ஸ்டால் பண்ணாமலேயே உள்ளே இருப்பதை ஒரு ஃபோல்டருக்குள் பிரித்துப் போடலாம்.

அந்தக் கல்லூரியில் பழைய அச்சு இருந்தது. அதையும் ஷேரின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரையும் ஒப்பிட்டபோது மூன்றே ஃபைல்தான் வேறுபட்டன. ஒன்று டிஸ்க்பார்ட் காவல். இரண்டாவது, விண்டோஸ் போடும்போது வரும் விஸார்டில் துறையின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சேர்த்த ஒரு பட்டியல். மூன்றாவது லைட்டச் ஸ்கிரிப்டில். நெட்வொர்க்கைத் தேடுவதற்கு முன் 30 வினாடி சும்மா நிற்கச் சொல்லும் ஒரே ஒரு வரி. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

காரணம் தெரியாத மாற்றத்தை என்ன செய்வது? 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தூக்கிச் சுமப்பது ஒரு வழி. அப்படித்தான் ஷேர்கள் குப்பைத்தொட்டி ஆகின்றன. என் கட்சி, எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிடுவது. பழைய பொறுப்பாளர் ஓய்வுபெற்று ஊரில் இருந்தார். போன் போட்டோம்.

"சார், லைட்டச்ல முப்பது செகண்ட் நிக்குதே, அது நீங்க போட்டதா?"

"ஆமாப்பா. ஸ்டாஃப் லேப்டாப்ல நெட்வொர்க் போர்ட் கிடையாது, யூஎஸ்பி அடாப்டர் மாட்டுவோம்ல, அது முழிச்சிக்கிறதுக்குள்ள இது எரர் காட்டிடும். அந்த லேப்டாப் எல்லாம் இப்ப இருக்கா என்ன?"

இல்லை, எல்லாம் கண்டம் ஆகிவிட்டது. அந்த வரியை விட்டுவிட்டோம். ஒவ்வொரு மாடலிலும் ஒரு கம்ப்யூட்டரை எடுத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான்.

மற்ற இரண்டும் தேவை. ஆனால் அவற்றைப் புது ஸ்கிரிப்டுக்குள் மறுபடி ஒட்டவில்லை. ஒட்டினால் அடுத்த தடவை இதே கதை. மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான ஃபைலிலிருந்து நமக்குச் சொந்தமான இடத்துக்கு மாற்றினோம். எம்டிடியில் அதற்கு இடம் தாராளமாகவே இருக்கு, யாரும் பார்ப்பதில்லை அவ்வளவுதான்.

டிஸ்க் காவலைத் தனி ஸ்கிரிப்டாக, எம்டிடியில் இல்லாத ஒரு பெயரில், ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரிலேயே வைத்தோம். டபிள்யூஎம்ஐயிடம் 0 எண் டிஸ்கின் அளவைக் கேட்டு, 500 ஜிபிக்கு மேல் என்றால் பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேறும். டாஸ்க் சீக்வென்ஸில் 'ஃபார்மட் அண்ட் பார்ட்டிஷன்' படிக்கு முன்னால் ஒரு 'ரன் கமாண்ட் லைன்' படியாக அதைச் சேர்த்தால், அது பூஜ்யம் தராத வரை அடுத்த படிக்குப் போகாது. 'கன்டின்யூ ஆன் எரர்' டிக் ஆகாமல் இருக்கணும், அதை இரண்டு முறை பாருங்கள். விபிஸ்கிரிப்டில் எழுதியதற்குக் காரணம், எம்டிடி உருவாக்கும் பூட் இமேஜில் அதை ஓட்டும் வசதி இயல்பாகவே இருக்கும்; பவர்ஷெல் வேணும்னா தனியாகச் சேர்க்கணும். விபிஸ்கிரிப்டையே கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-ல் அறிவித்தாயிற்று என்பதும் உண்மை. ஆனால் எம்டிடி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அது போகிற நாளில் நம்ம பத்து வரியைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது.

துறைப் பட்டியல் இன்னும் சுலபமாக முடிந்தது. அதன் வேலை கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பதும் டொமைனில் சரியான இடத்தில் சேர்ப்பதும்தான். லேப் ஒவ்வொன்றும் தனி நெட்வொர்க்கில் இருந்ததால், கஸ்டம்செட்டிங்ஸில் டீஃபால்ட் கேட்வே முகவரியை வைத்தே எந்த லேப் என்று கண்டுபிடித்துவிடலாம். பெயருக்கு லேப் முன்னொட்டும் சீரியல் நம்பரின் கடைசி ஏழு எழுத்தும். ஐஎன்ஐ ஃபைலிலேயே இரண்டு ஹேஷ் குறிகளுக்கு நடுவில் விபிஸ்கிரிப்ட் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் மறக்காதீங்க. இதைவிடச் சிக்கலான கணக்கு வேணும்னா 'யூசர் எக்ஸிட்' என்று தனி ஸ்கிரிப்டை ஐஎன்ஐயிலிருந்தே கூப்பிடலாம். நாமே உருவாக்கும் மாறிகளின் பெயரை 'இசட்டிஐ கேதர்' எக்ஸ்எம்எல்லில் போய்ச் சேர்க்கிறவர்கள் உண்டு. அது அப்கிரேடில் போய்விடும். ஐஎன்ஐயின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பிராப்பர்டீஸ்' என்ற வரியில் எழுதினால் அதே வேலை நடக்கும், போகவும் போகாது.

இதுவரை சொன்னது மேலெழுதப்படும் சமாச்சாரம். இதற்கு நேர் எதிரான தொந்தரவும் ஒன்று இருக்கு. டாஸ்க் சீக்வென்ஸை எம்டிடி தொடாது என்றேன் அல்லவா? அதனால் புது பில்டின் டெம்ப்ளேட்டில் ஏதாவது படியைச் சேர்த்திருந்தாலோ திருத்தியிருந்தாலோ, நம்ம பழைய சீக்வென்ஸுக்கு அது வந்து சேராது. ஸ்கிரிப்ட் புதுசு, சீக்வென்ஸ் பழசு. பாதி நாள் ஓடும், பாதி நாள் விசித்திரமாக நிற்கும். புது டெம்ப்ளேட்டிலிருந்து புது சீக்வென்ஸ் உருவாக்கி, நம்ம படிகளை அதில் கொண்டுபோய் வைப்பதுதான் சரி. நம்ம படிகளையெல்லாம் முதலிலேயே தனிப் பெயரில் குரூப்களாகப் பிரித்து வைத்திருந்தால் இது அரை மணி நேர வேலை.

பாதுகாக்க மறக்கும் இன்னொரு இடமும் அச்சுதான். 8456-ஐ விண்டோஸ் 10 பதிப்பு 2004-க்கான ஏடிகேயோடு சேர்த்தால், பழைய பயாஸ் கம்ப்யூட்டரை யூஇஎஃப்ஐ என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மைக்ரோசாஃப்ட் கேபி4564442 என்ற எண்ணில் திருத்திய டிஎல்எல் கொடுத்தது. அதை ஷேரின் டூல்ஸில் மட்டும் மாற்றிவிட்டு, அச்சில் மாற்றாமல் விட்டால், அடுத்து உருவாக்கும் ஷேரில் பழைய பிழை திரும்ப வந்து நிற்கும். விண்டோஸ் 11 பதிப்பு 22எச்2 ஏடிகேயில் விஸார்ட் திறக்கும்போதே ஸ்கிரிப்ட் எரர் வருமே, அதற்கு ரிஜிஸ்ட்ரியில் 'ஜேஸ்கிரிப்ட் ரீப்ளேஸ்மெண்ட்' மதிப்பைப் பூஜ்யமாக்கும் திருத்தமும் டெம்ப்ளேட்ஸில் இருக்கும் 'அன்அட்டெண்ட் பிஇ' எக்ஸ்எம்எல்லுக்குள்தான் போகும். விண்டோஸ் 11 ஏடிகேயில் 32 பிட் விண்பிஇ கிடையாது என்பதால், அந்த ஃபோல்டரைக் காலியாகவாவது உருவாக்கி வைக்காவிட்டால் வொர்க்பெஞ்சில் விண்டோஸ் பிஇ பக்கத்தைத் திறந்ததுமே எரர் அடித்து நின்றுவிடும். இவை எதுவும் ஷேரின் பேக்கப்பில் வராது. சர்வரை மாற்றும் நாளில் மூன்றும் ஒன்றாகக் காணாமல் போகும்.

இதையெல்லாம் ஞாபகத்தில் வைக்க முடியாது, கிட் வைத்துக்கலாம். முழு ஷேரையும் போடாதீங்க, இமேஜ்களே பல ஜிபி. ஸ்கிரிப்ட்ஸ், கன்ட்ரோல், டூல்ஸ், பிறகு புரோகிராம் ஃபைல்ஸின் டெம்ப்ளேட்ஸ். முதல் கமிட்டில் பழைய மூலம் மட்டும், ஒரு தனிக் கிளையில். அதிலிருந்து பிரியும் கிளையில் நம்ம மாற்றங்கள். புது பில்ட் வந்தால் அதை மூலக் கிளையில் கமிட் செய்து, நம்ம கிளைக்குள் மெர்ஜ் கொடுத்தால், மேலே சொன்ன மூன்று பிரதிக் கணக்கை கிட்டே போட்டுவிடும். வரி முடிவுக் குறிகளை மாற்றும் வசதியை அணைத்து வைங்க, இல்லாட்டி எல்லா ஃபைலும் மாறினமாதிரி காட்டும். இன்னொன்று, இரண்டு ஐஎன்ஐயிலும் டொமைன் பாஸ்வேர்டு அப்பட்டமாக எழுதியிருக்கும். இந்த ரெப்போவை வெளியே எங்கேயும் ஏற்றிவிடாதீங்க.

சோதனையை நிஜ ஷேரில் செய்யக்கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பிரதி எடுத்துச் சோதிக்கும்போது ஒரு குழி உண்டு. ஷேரை அப்படியே காப்பி பண்ணி, அதில் அப்கிரேட் செய்து, அதன் ஐஎஸ்ஓவில் ஒரு விர்ச்சுவல் மெஷினை பூட் செய்தால், அது போய் ஒட்டிக்கொள்வது பழைய நிஜ ஷேரில்! ஏன்னா பூட்ஸ்ட்ராப் ஐஎன்ஐயில் 'டிப்ளாய் ரூட்' இன்னும் பழைய முகவரியையே காட்டும். அதையும் கன்ட்ரோல் ஃபோல்டரில் உள்ள செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல்லில் இருக்கும் இரண்டு பாதைகளையும் மாற்றி, பூட் இமேஜை மறுபடி உருவாக்கின பிறகுதான் அது சோதனை. பூட்ஸ்ட்ராப் பூட் இமேஜுக்குள்ளேயே வைக்கப்படுவதால், மறுபடி உருவாக்காமல் ஃபைலை மட்டும் மாற்றினால் பலன் இல்லை.

நிஜ ஷேரிலும் கடைசியில் அதே வேலை இருக்கு. 'அப்டேட் டிப்ளாய்மெண்ட் ஷேர்' கொடுத்து, பூட் இமேஜை முழுசாக மறுபடி உருவாக்கும் தேர்வை எடுக்கணும். டபிள்யூடிஎஸ் வைத்திருந்தால் அங்கேயும் புது இமேஜை மாற்றணும். லைட்டச் ஸ்கிரிப்டும் சில டூல்களும் பூட் இமேஜுக்குள் பிரதியாக இருப்பதால், பழைய பூட் இமேஜோடு புது ஷேருக்கு வரும் கம்ப்யூட்டர் பாதிப் பழசாகத்தான் நடந்துகொள்ளும். லேப் மேஜை டிராயர்களில் கிடக்கும் யூஎஸ்பி குச்சிகளையும் ஒன்றுவிடாமல் சேகரித்து, மறுபடி எழுதி, ஒவ்வொன்றிலும் பில்ட் எண்ணை மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். அந்தக் கல்லூரியில் மட்டும் ஒன்பது குச்சி கிடைத்தது, அதில் இரண்டு 8443-க்கும் முந்தையது.